மலைமேலேயே இருக்கட்டுமா, கீழே கூட்டி வந்துவிடலாமா? எல்லையோரத் தோட்டத்துப் பெரியவர்களுக்காக ஓர் ஒப்பீடு

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு வருடக்கணக்காக முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மலைமேல், கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாறிலோ ஏலப்பாறையிலோ தேயிலைத் தோட்டத்தில் ஆயுசு முழுக்க உழைத்த அத்தையோ பெரியப்பாவோ இன்னும் லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், தனியாக இருக்கிறார். பிள்ளைகள் கீழே. "இங்க வந்து எங்களோட இருங்க" என்று இவர்கள் கூப்பிடுவார்கள். "எனக்கு மலைதான் பழக்கம், இங்கேயே கிடக்கிறேன்" என்று அவர் சொல்வார். தீபாவளிக்கு வரும்போது இரண்டு நாள் பேசிவிட்டு அப்படியே விட்டுவிடுவோம். அப்புறம் ஒருநாள் அவர் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தபின், ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கும்போதுதான் முடிவெடுக்கிறோம். அந்த நேரத்தில் ரேஷன் கார்டு எங்கே, பென்ஷன் எங்கே, காப்பீடு எந்த மாநிலத்தில் என்று ஒன்றும் சரியாக இருக்காது.

பாசத்தை வைத்து மட்டும் இதை முடிவு செய்ய முடியாது. மாநில எல்லையான குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஒரு முதியவருக்குக் கிடைக்கும் உதவிகள் பாதிக்கு மேல் மாறிவிடுகின்றன. எந்தப் பக்கம் என்ன கிடைக்கும், எது கிடைக்காமல் போகும் என்று தெரிந்துகொண்டு, அவர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

பேச வசதியாக ஓர் அத்தையை நினைத்துக்கொள்வோம். வயது 68. 35 வருடம் கொழுந்து கிள்ளியவர். கணவர் இல்லை. மகன் கம்பத்தில், மகள் திருப்பூரில். சர்க்கரையும் பிரஷரும் உண்டு, முழங்கால் வலி உண்டு. தோட்டத்திலிருந்து வர வேண்டிய கிராச்சுவிட்டி (பணிக்கொடை) முழுசாக வரவில்லை. இப்படி ஒருவரை நம் எல்லோருக்கும் தெரியும்.

முதலில், எல்லை தாண்டினாலும் மாறாதவை. பி.எஃப். பென்ஷன் எங்கே போனாலும் கூடவே வரும். 2014 செப்டம்பரிலிருந்து அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் 1000 ரூபாய். 2025 ஜனவரியிலிருந்து நாட்டில் எந்த வங்கிக் கிளையிலும் அதை வாங்கும் வசதி வந்துவிட்டது. உயிர்ச் சான்றையும் எங்கிருந்தும் கொடுக்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567 இரண்டு மாநிலத்திலும் வேலை செய்கிறது. பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்கிற 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் இரு பக்கமும் ஒன்றுதான், அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

இனி மாறுபவை. எல்லோரும் முதலில் கேட்பது மாதப் பணத்தைத்தான். கேரளத்தில் க்ஷேம பென்ஷன் (அரசின் நல ஓய்வூதியம்) பல காலம் 1600 ரூபாயாக இருந்து, 2025 நவம்பரிலிருந்து 2000 ரூபாயாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் முதியோர் பணம் 2023 ஆகஸ்டில் 1000 ரூபாயிலிருந்து 1200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இந்த இரண்டு கணக்கை வைத்துப் பார்த்தால் மாதம் 800 ரூபாய், வருடத்துக்கு 9600 ரூபாய் வித்தியாசம். சின்னத் தொகை இல்லைதான். ஆனால் மலையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலைந்து தடவை வாடகை வண்டி பிடித்தால் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். கேரளத்தில் 2023, 2024 வாக்கில் பல மாதத் தொகை நிலுவையில் நின்றதையும் மேலே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தொகையைவிட, அதை வாங்கும் வழிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேரளத்தில் விண்ணப்பம் பஞ்சாயத்து வழியாகப் போகிறது. வருடம் ஒருமுறை அக்ஷயா சென்டரில் (அங்கத்து இ-சேவை மையம்) மஸ்டரிங், அதாவது உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் பதிவு, செய்ய வேண்டும், படுக்கையில் இருப்பவருக்கு ஆள் வீட்டுக்கே வந்து செய்துகொடுப்பார். கூட்டுறவுச் சங்கத்து ஆள் பணத்தை வீட்டிலேயே கொண்டுவந்து கையில் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. தமிழ்நாட்டில் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ. விசாரணை முடிந்து, தாலுகா அலுவலகத்தில் ஆணை ஆக வேண்டும். இந்தத் திட்டத்தின் அடிப்படையே ஆதரவற்ற முதியவர் என்பதுதான். மகன் வீட்டு முகவரியைப் போட்டு விண்ணப்பித்தால் "மகன் பார்த்துக்கொள்கிறாரே" என்கிற கேள்வி விசாரணையில் வரும். அதனால் மேலே பென்ஷனை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினால், இங்கே தொடங்கும்வரை சில மாதம் ஒன்றும் வராமல் போகலாம், விண்ணப்பமே தள்ளுபடி ஆகவும் கூடும். 800 ரூபாய் வித்தியாசத்தைவிட இந்த இடைவெளிதான் பெரிய நஷ்டம். கீழே வருவது முடிவானால் அத்தனை மாதத்துக்கும் மகனும் மகளும் சேர்ந்து ஒரு தொகையை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

இரண்டு மாநிலத்திலும் வாங்கிக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஆதார் ஒன்றுதான், என்றைக்காவது பிடிபடும். அன்றைக்கு இரண்டும் நின்றுபோய், வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அந்தச் சுமையும் அவமானமும் வயதான மனுஷியின் தலையில்தான் விழும், யோசனை சொன்னவர் தலையில் விழாது.

ரேஷனில் பெரிய சிக்கல் இல்லை. கேரளத்து மஞ்சள், பிங்க் கார்டு (முன்னுரிமைக் குடும்பங்களுக்கானவை) வைத்திருப்பவர்கள் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கடையிலும் மத்திய அரசின் பங்குத் தானியத்தை வாங்கலாம். நீலம், வெள்ளைக் கார்டுகளுக்கு அது கிடையாது. கீழே கார்டு ஆகிவிட்டால், 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பொருள் வாசலுக்கே வருகிறது. மகனோடு சேர்ந்து இருப்பவருக்கு அது தேவைப்படாது.

ஆஸ்பத்திரி விஷயத்தில் தூரத்தைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. குமுளியிலிருந்து கோட்டயம் மெடிக்கல் காலேஜ் 100 கிலோமீட்டருக்கு மேல். இடுக்கியிலும் அரசு மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, ஆனால் அங்கே போவதும் வளைவு வளைவான மலைப்பாதைதான். கீழே இறங்கினால் கம்பம் அரசு மருத்துவமனை பக்கம். தேனி சுமார் 60 கிலோமீட்டர், அதைத் தாண்டிக் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கும் மேலே வேண்டுமானால் மதுரை. மலைப்பாதையில் ஒரு கஷ்டமான மணி நேரம், அப்புறம் சமவெளி ரோடு. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் நேரம்தான் உயிர் என்பதால், குமுளி பக்கத்தில் இருப்பவருக்கு அவசரத்துக்குத் தேனிதான் நல்லது என்பது என் எண்ணம். ஏலப்பாறைக்கு அப்பால் இருப்பவருக்கு அந்தக் கணக்கு மாறும், அவர்களுக்குக் கோட்டயம் பக்கம் இறங்குவதுதான் வசதி.

அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண வைத்தியத்துக்கு எந்த ஊர் கார்டு என்று யாரும் கேட்டு விரட்டுவதில்லை. ஆபரேஷன், தனியார் ஆஸ்பத்திரி, காப்பீடு என்று வரும்போதுதான் மாநிலம் குறுக்கே நிற்கும். கேரளத்தில் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா, தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். இரண்டிலும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. தமிழ்நாட்டில் குடும்ப வருட வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுப் பட்டியலில் உள்ள குடும்பத்துக்கு அடுத்த மாநிலத்திலும் சிகிச்சை உண்டு என்பது விதி. ஆனால் மாநில அரசு தன் பணத்தில் தனியாகச் சேர்த்த குடும்பங்களுக்கு அது எட்டாமல் போகலாம். கையில் இருக்கும் கார்டு எந்த வகை என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே ஒருநாள் போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 70 வயது தாண்டிய எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய அட்டை ஒன்று இருக்கிறது. அத்தைக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. 70 ஆனவர்களும் அந்த அட்டையை மட்டும் நம்பிக் கிளம்பாமல், போகிற ஆஸ்பத்திரி அதை ஏற்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

இதில் வரிசை முக்கியம். கண்புரையோ முழங்காலோ ஏற்கெனவே ஆபரேஷன் சொல்லியிருந்தால், கேரளத்துக் கார்டு உயிரோடு இருக்கும்போதே மேலே முடித்துவிடுங்கள். பெயரை வெட்டிய பிறகு, கீழே மகனுடைய கார்டில் சேர்ந்து, அதன் வழியாகக் காப்பீட்டில் பெயர் ஏறும்வரை அவர் எந்தப் பக்கத்துக்காரரும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நாம் போவது எப்போதாவதுதான். மிச்ச நாளெல்லாம் வீட்டுக்கு யார் வருகிறார்கள்? இந்த முடிவில் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான், அதிகம் பேசப்படாததும் இதுதான்.

கேரளத்தின் பாலியேட்டிவ் சேவை, அதாவது தீராத நோயிலும் படுக்கையிலும் இருப்பவரின் வேதனையைத் தணிக்கும் கவனிப்பு, நாட்டுக்கே முன்மாதிரி. 1993-ல் கோழிக்கோட்டில் ஒரு சிறு அமைப்பாகத் தொடங்கியது, ஊர்க்காரர்களே தொண்டர்களாகச் சேர்ந்து மாநிலம் முழுக்கப் பரவியது. 2008-ல் மாநில அரசு அதற்கென்று கொள்கையே அறிவித்தது. இன்றைக்குப் பஞ்சாயத்துக்கு ஒரு பாலியேட்டிவ் நர்ஸ் இருக்கிறார். புற்றுநோய்க்கு மட்டும்தான் வருவார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி இல்லை. பக்கவாதம் வந்து படுத்தவர், படுக்கைப்புண் வந்தவர், மூத்திர டியூப் மாற்ற வேண்டியவர், வயதாகி எழுந்திருக்க முடியாதவர் எல்லோருக்கும் வீடு தேடி வருவார்கள். புண்ணைச் சுத்தம் செய்து, பார்த்துக்கொள்பவருக்கும் எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுப்பார்கள். படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஆஸ்வாசகிரணம் என்று மாதம் 600 ரூபாய் தரும் திட்டமும் அங்கே இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையைத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, அளவும் பார்த்துவிட்டுப் போவார். இயன்முறை சிகிச்சையும் பாலியேட்டிவ் கவனிப்பும் இதில் உண்டு. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இதற்குக் கிடைத்தது. ஆனால் பாலியேட்டிவ் நர்ஸ் இங்கே ஒன்றியத்துக்கு ஒருவர் என்கிற கணக்கில்தான். ஒரு பஞ்சாயத்தைச் சுற்றுகிறவருக்கும் ஓர் ஒன்றியம் முழுக்கச் சுற்றுகிறவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நர்ஸின் குறை இல்லை இது, ஆள் போதவில்லை.

ஆக, நடமாட்டத்தோடு மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவருக்குக் கீழே உள்ள ஏற்பாடு நன்றாக ஒத்துவரும். படுத்தபடுக்கையானவருக்கு மேலே உள்ள ஏற்பாடு பலமானது. நாமோ நேர்மாறாகச் செய்கிறோம். நடக்கும்வரை மேலே விட்டுவைக்கிறோம், படுத்தபின் கீழே கொண்டுவருகிறோம். அதற்கும் நியாயம் இல்லாமல் இல்லை. நர்ஸ் மாதத்தில் சில முறை வந்து சிறிது நேரம் இருப்பார். ராத்திரி திரும்பிப் படுக்க வைப்பதும், கஞ்சி ஊட்டுவதும், துணி மாற்றுவதும் குடும்பத்து ஆளோ கூலிக்கு வைத்த ஆளோ செய்தாக வேண்டும். அதை மேலே செய்ய யாரும் இல்லையென்றால், எவ்வளவு நல்ல பாலியேட்டிவ் இருந்தும் அத்தை தனியாகத்தான் கிடப்பார்.

அந்த நிலையில் கீழே வருவதுதான் சரி. ஆனால் அவரைக் கொண்டுவருவதற்கு முன்பே மகன் தன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்து, பாலியேட்டிவ் நர்ஸும் இயன்முறை சிகிச்சையாளரும் வர வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்பவர்கள் அதிகமானால்தான் ஒன்றியத்துக்கு ஒருவர் என்பது இருவராகும். கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கியவர்களும் இருப்பது போதாது என்று உணர்ந்துதான் தொடங்கினார்கள்.

லயத்தைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு முடியாது. ஓய்வு பெற்றவர் லயத்தை விட்டு இறங்க வேண்டும் என்பது தோட்டத்தின் விதி. ஆனால் பீர்மேடு பக்கம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் பல தோட்டங்கள் மூடியபின், கிராச்சுவிட்டி வராமலே ஒழுகும் கூரையின்கீழ் காத்துக் கிடந்தவர்கள் ஏராளம். ஒரு வருட வேலைக்கு 15 நாள் சம்பளம், பாக்கி வந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டி என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இருந்தும் 35 வருட உழைப்பின் கூலியைக் கேட்டு ஒரு மூதாட்டி காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. இப்படி ஒரு பாக்கி இருக்கும்போது லயத்தைக் காலி செய்தால் கேட்கும் கை தளர்ந்துவிடும் என்பது தோட்டத்து ஆட்களின் அனுபவம், நானும் அதையே சொல்வேன். உடம்பு அவசரம் என்று இறங்கியே ஆக வேண்டியிருந்தால், வேலை செய்த வருடங்களுக்கான சான்று, கடைசிச் சம்பளச் சீட்டு, பி.எஃப். எண் மூன்றையும் எடுத்துக்கொண்டு, பாக்கித் தொகையை எழுத்தில் கேட்டு, அதன் நகலை வாங்கிக்கொண்டு இறங்குங்கள். மலையாளத்தில்தான் எழுத வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். தேவிகுளம், பீர்மேடு போன்ற தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது.

கிராச்சுவிட்டி வந்தபின் நடப்பதிலும் கவனம் வேண்டும். அந்தப் பணத்தில் கம்பத்தில் ஒன்றரை சென்ட் இடம் வாங்கி, சின்ன வீடு கட்டி, "எப்படியும் மகன்தானே பார்க்கப் போகிறான்" என்று உடனே மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடுகிறார்கள். எழுதுவது அவர் விருப்பம். ஆனால் "என்னை வாழ்நாள் முழுக்கப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பராமரிக்காமல் விட்டால், பத்திரத்தையே ரத்து செய்ய முடியும். நிபந்தனை எழுதாமல் விட்டால் கோர்ட் கோர்ட்டாக வாதாட வேண்டியிருக்கும். நல்ல மகன் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான், அவனே முன்வந்து எழுதச் சொல்ல வேண்டும்.

அதே சட்டத்தில் எல்லையோரக் குடும்பங்களுக்கென்றே எழுதியதுபோல ஒரு வசதி இருக்கிறது. பராமரிப்புக் கேட்டு மனுப் போடும்போது, பெற்றவர் இப்போது இருக்கும் மாவட்டத்திலோ, கடைசியாக இருந்த மாவட்டத்திலோ, பிள்ளை இருக்கும் மாவட்டத்திலோ போடலாம். அதாவது அத்தை லயத்தில் இருந்தால் இடுக்கியிலேயே கொடுக்கலாம், திருப்பூருக்கு அலைய வேண்டியதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கும். வக்கீல் தேவையில்லை. 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சிப் போனால் இன்னும் 30 நாள். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவு போடலாம். பிள்ளை மேல் மனுவா என்று மனசு கூசும், எனக்கும் அது புரிகிறது. ஆனால் பட்டினி கிடந்து மானம் காப்பதைவிட மனுப் போடுவது மேல். பல நேரம் முதல் நோட்டீஸ் போனதுமே, அண்ணன் தம்பி அக்கா தங்கை உட்கார்ந்து யார் எவ்வளவு தருவது என்று பேசி முடித்துவிடுகிறார்கள்.

முதியோர் இல்லம் என்கிற வழியும் இருக்கிறது. இரண்டு பக்கமும் யாருமே இல்லாதவருக்கு அதைத் தயங்காமல் சொல்வேன். அத்தையைப் போல இரண்டு பிள்ளை இருப்பவருக்கு அது கடைசிப் பேச்சாக இருக்கட்டும்.

"ஆறு மாசம் மேலே, ஆறு மாசம் கீழே" என்று ஊசலாடுவதுதான் இருப்பதிலேயே மோசம். பார்க்க எல்லோருக்கும் திருப்தியாகத் தெரியும். ஆனால் மஸ்டரிங் சமயத்தில் அவர் கம்பத்தில் இருப்பார், மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் வரும்போது லயத்தில் இருப்பார். இரண்டு டாக்டர் இரண்டு விதமாக மாத்திரை எழுதுவார்கள். 2020-ல் கொரோனா சமயத்தில் எல்லை தாண்ட இ-பாஸ் கேட்டபோது, ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு மாத்திரை சீட்டு மறுபக்கம் இருந்த கதைகளை நாம் மறக்கக் கூடாது. போக வர இருக்கலாம், திருவிழாவுக்கு வரலாம், குளிர்காலம் மட்டும் கீழே தங்கலாம். ஆனால் கார்டு, பென்ஷன், காப்பீடு, வழக்கமான டாக்டர் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும்.

என் முடிவு இதுதான். கிராச்சுவிட்டி பாக்கி இருந்து, அத்தை தானாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, பக்கத்து லயத்தில் குரல் கொடுத்தால் ஓடி வர ஆள் இருந்தால், அவர் மேலேயே இருக்கட்டும். மாதம் ஒருமுறை மகன் போய்ப் பார்க்க வேண்டும். வருடம் இரண்டு முறை கம்பத்திலோ தேனியிலோ முழுப் பரிசோதனை செய்துவிட வேண்டும். அவர் ஆசையையும் மதித்ததாக இருக்கும், சேர வேண்டியதும் சேரும். பாக்கி வந்துவிட்டது, அல்லது ஒருமுறை விழுந்துவிட்டார், அல்லது அடுப்பை அணைக்க மறக்கிறார் என்றால், அடுத்த மழைக்காலத்துக்குக் காத்திருக்காமல் கீழே கூட்டி வாருங்கள். மகன் வீட்டில் பகலில் யாருமே இல்லை, மருமகளும் வேலைக்குப் போகிறார் என்றால் மட்டும், வருவதற்கு முன் பகல் நேரத்துக்கு யார் என்பதை முடிவு செய்துவிட்டுக் கூப்பிடுங்கள். பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க அவரைக் கம்பத்துக்கு அழைத்து வர வேண்டியதில்லை. அந்த நிலையில் லயத்து வாசலில் நாலு பேரோடு பேசிக்கொண்டிருப்பதே அவருக்கு நல்லது.

இறங்குவது என்று முடிவானால் வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள். சொல்லியிருக்கும் ஆபரேஷனை முதலில் மேலே முடியுங்கள். கிராச்சுவிட்டி மனுவைக் கொடுத்து நகல் வாங்குங்கள். அப்புறம் கேரளத்து ரேஷன் கார்டிலிருந்து பெயர் நீக்கச் சான்று, ஆதாரில் முகவரி மாற்றம், இங்கே ரேஷன் கார்டு, காப்பீடு. ஆதார் மாறிய கையோடு இ-சேவையில் முதியோர் பணத்துக்குப் பதிந்துவிடுங்கள், பஞ்சாயத்தில் பென்ஷனை நிறுத்தவும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகளின் சீட்டையும், குறைந்தது ஒரு மாத மாத்திரையையும் அவர் கைப்பையிலேயே வைத்து அழைத்து வாருங்கள். கீழே தன்னார்வலர் பெயரைப் பதிந்து முதல் மாத்திரை கொடுக்கும்வரை அது தாங்க வேண்டும்.